ஒரு நாள் வீரர்களும் விளம்பர வித்தைகளும்: பேஸ்பால் வினாடி வினாவுக்குப் பிழையில்லாத கேள்வி எழுதுவது எப்படி

பேஸ்பால் வினாடி வினாவில் ருசியான கேள்விகள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து கிடைக்கின்றன. ஒன்று, வட அமெரிக்காவின் உச்சமட்டப் போட்டியான மேஜர் லீகில் ஒரே ஒரு ஆட்டம், சில சமயம் ஒரே ஒரு பந்து மட்டும் ஆடிவிட்டுக் காணாமல் போன வீரர்கள். அமெரிக்காவில் இவர்களை ‘ஒரு கப் காபி குடித்துவிட்டுப் போனவர்’ என்பார்கள். இன்னொன்று, மைதானத்துக்குக் கூட்டம் சேர்க்க அணி முதலாளிகள் செய்த விளம்பர வித்தைகள். இரண்டுமே வாய்வழியாகப் பரவிய கதைகள் என்பதால் கண், காது, மூக்கு எல்லாம் கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே கேள்வியாக்கினால், அரங்கில் விஷயம் தெரிந்த ஒருவர் எழுந்து நின்று ஆட்சேபம் சொல்வார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

பேஸ்பாலுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 1901 முதல் நடந்த மேஜர் லீக் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோர், அதாவது ஒரு பக்கத்து ஸ்கோர் அட்டை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கதை எவ்வளவு அழகாக இருந்தாலும், கேள்வியின் விடை அந்த அட்டையில் ஒரு வரியாகக் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் அந்தக் கதையை மேடையில் சுவைக்காகச் சொல்லலாம், மதிப்பெண்ணுக்குக் கேட்கக் கூடாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அட்டையைப் படிப்பது

பேட்டர் ஒருவர் பேட்டுடன் வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ‘பிளேட் அப்பியரன்ஸ்’. அதிலிருந்து வாக் போனது (அடிக்கத் தக்கதல்லாத நான்கு பந்துகள் வந்ததால் முதல் பேஸ் என்ற முதல் நிலைக்கு இலவசமாகப் போவது), பந்து உடம்பில் பட்டு முதல் பேஸுக்குப் போனது, சாக்ரிஃபைஸ் அடித்தது (தான் அவுட்டாகி, முன்பே பேஸில் நிற்பவரை முன்னேற்றுவது) ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது ‘அட் பேட்’. கிரிக்கெட்டில் வைடு பந்து பேட்ஸ்மேன் சந்தித்த பந்துகளில் சேராது அல்லவா, கிட்டத்தட்ட அது போலத்தான். பேட்டிங் சராசரிக்கு ஹிட்டை (பந்தை அடித்து பேஸை எட்டியதை) அட் பேட்டால் வகுக்க வேண்டும். ஆன் பேஸ் சதவீதம் வேறு கணக்கு: ஹிட், வாக், பந்து பட்டது மூன்றையும் கூட்டி, அதை அட் பேட், வாக், பந்து பட்டது, சாக்ரிஃபைஸ் ஃபிளை ஆகியவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்.

ஒரு நாள் வீரர்களைப் பற்றிய கேள்விகளில் பாதி பிழை இந்த இரண்டையும் குழப்புவதால் வருகிறது. 1951-இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்காக ஒரே ஒரு முறை பேட் பிடித்த எடி கடெல் நான்கு பந்துகளில் வாக் போனார். அவருடைய அட் பேட் 0. ஆகவே அவருக்குப் பேட்டிங் சராசரி என்பதே கிடையாது. 1.000 என்று எழுதுவதும் தப்பு, 0 என்று எழுதுவதும் தப்பு. ஆன் பேஸ் சதவீதம் 1.000 என்பது மட்டும் சரி. இவருக்குப் பக்கத்தில் ஜான் பச்சோரெக்கை வைத்துப் பாருங்கள். 1963 செப்டம்பர் 29, ஹூஸ்டன், வயது 18. நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக 3 அட் பேட்டில் 3 ஹிட், 2 வாக், 4 ரன். முதுகு பாதிக்கப்பட்டு அதன் பிறகு மேஜர் லீகில் ஆடவே இல்லை. அவருக்குச் சராசரியும் 1.000, ஆன் பேஸும் 1.000. ‘ஓய்வு பெறும்போது சராசரி 1.000’ என்று கேட்டால் பச்சோரெக்கோடு இன்னும் பலர் வந்துவிடுவார்கள். ‘3 அட் பேட், 2 வாக், 18 வயது’ என்று சேர்த்தால் அவர் ஒருவர்தான் நிற்பார்.

அட்டையில் பூஜ்யங்கள் நிறைந்த வரிகளைத் தேடுங்கள். நல்ல கேள்விகள் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. லாரி யவுன்ட் 1971 செப்டம்பர் 15 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸுக்காகப் பந்து வீச அழைக்கப்பட்டார். பெயர் அறிவித்தாயிற்று. மேட்டில் நின்று ஒத்திகைப் பந்துகள் வீசும்போதே கை வலித்து வெளியேறினார். பெயர் அறிவிக்கப்பட்டுவிட்டதால் ஆட்டக் கணக்கு 1. சந்தித்த பேட்டர் 0, வீசிய பந்து 0. அவருடைய தம்பி ராபின் யவுன்ட் சிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தவர். ‘ஒரு பந்துகூட வீசாமல் பிட்சராகப் பதிவேட்டில் இடம் பெற்ற அண்ணன், ஹால் ஆஃப் ஃபேம் தம்பி’ என்று இரண்டு முனைகளையும் கட்டினால், பேஸ்பால் அரைகுறையாகத் தெரிந்த அணிகூடத் தம்பி வழியாக விடைக்கு வந்து சேரும்.

ஹெர்ப் வாஷிங்டன் இதற்கு நேர் எதிர் வகை. ஓட்டப்பந்தய வீரரான அவரை ஓக்லாந்து அணி முதலாளி சார்லி ஃபின்லி, மற்றவருக்குப் பதிலாக ஓடுவதற்கென்றே 1974-இல் சேர்த்தார். இரண்டு சீசனில் 105 ஆட்டம், 31 பேஸ் திருட்டு (பிட்சர் பந்து வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது), 33 ரன். பேட் பிடித்தது ஒரு முறைகூட இல்லை. 48 முயற்சியில் 31 என்பது ஒரு ஓட்டப்பந்தய வீரருக்கு அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஏன் என்பதே நல்ல துணைக்கேள்வி: பேஸ் திருடுவதற்குக் கால் வேகத்தைவிட, பிட்சரின் தோள் அசைவைப் படிக்கும் கண் முக்கியம். 1974 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், மைக் மார்ஷல் அவரை முதல் பேஸில் வைத்தே பிடித்து அவுட்டாக்கினார்.

சரிபார்க்கும் வரிசை

ரெட்ரோஷீட் தளத்தில் வீரரின் பெயரைத் தேடி, அவர் ஆடிய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்து, தேதியைச் சொடுக்குங்கள். முதலில் பார்க்க வேண்டியது அன்று ஒரு ஆட்டமா, இரண்டா என்பது. அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் டபுள் ஹெடர், அதாவது ஒரே நாளில் இரண்டு ஆட்டம், சாதாரணம். கடெல் ஆடியது இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தின் அட்டையைத் திறந்துவிட்டு ‘அவர் பெயரே இல்லையே’ என்று திகைப்பவர்கள் உண்டு. அடுத்து அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மாற்று வீரர் குறிப்புகளைப் படியுங்கள். யாருக்குப் பதில் யார் பேட் பிடித்தார், யாருக்குப் பதில் யார் ஓடினார் என்பது அங்கேதான் இருக்கும். இவை கேள்விகளுக்குப் புதையல்.

அதன் பிறகு பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அதே வீரரின் பக்கம். இங்கே ஓர் எச்சரிக்கை. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தன் விவரங்களில் பெரும்பகுதியை ரெட்ரோஷீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் ஒன்றே இருக்கிறது என்பதால் இரண்டு சாட்சி கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது ஒரே சாட்சிதான். உண்மையான இரண்டாவது சாட்சி மறுநாள் வந்த உள்ளூர் நாளிதழ், அல்லது 1971-இல் தொடங்கிய அமெரிக்க பேஸ்பால் ஆய்வுச் சங்கம் வெளியிடும் வீரர் வாழ்க்கைக் குறிப்பு. எந்த விஷயத்தில் பழைய பதிவுகள் முரண்படுகின்றன என்பதை அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லிவிடும்.

பழைய நாளிதழில் அச்சான அட்டை சரியா என்று சந்தேகம் வந்தால் கூட்டிப் பாருங்கள். ஓர் அணியின் அட் பேட், வாக், பந்து பட்டது, சாக்ரிஃபைஸ், இடையூறால் பேஸ் பெற்றது எல்லாவற்றையும் கூட்டுங்கள். மறுபக்கம் அதே அணியின் ரன், பேஸில் மிஞ்சி நின்றவர்கள், எதிரணி எடுத்த அவுட் மூன்றையும் கூட்டுங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். உதாரணத்துக்கு, 33 அட் பேட், 4 வாக், 1 பந்து பட்டது, 1 சாக்ரிஃபைஸ் என்றால் 39. மறுபக்கம் 5 ரன், 7 பேர் மிச்சம், 27 அவுட் என்றால் அதுவும் 39. உள்ளூர் அணி முன்னிலையில் இருந்து ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட வேண்டிய தேவை வராவிட்டால் அவர்கள் பக்கம் 27-க்குப் பதில் 24 போட வேண்டும். இதை மறந்துவிட்டு அட்டை தப்பு என்று முடிவுகட்டுவது சகஜம்.

தேதி எழுதும் முறையிலும் கவனம் தேவை. அமெரிக்கர்கள் மாதத்தை முதலில் போடுவார்கள். சிகாகோ கப்ஸ் வீரர் ஆடம் கிரீன்பெர்க்கின் முதல் ஆட்டம் 7/9/2005 என்று இருந்தால் அது ஜூலை 9, செப்டம்பர் 7 அல்ல. வாழ்க்கையில் அவர் சந்தித்த முதல் மேஜர் லீக் பந்தே தலையில் பட்டது. ‘அதன் பிறகு அவர் ஆடவே இல்லை’ என்று பழைய கட்டுரைகளில் படிப்பீர்கள். ஏழு ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 2 அன்று, மயாமி மார்லின்ஸ் ஒரு நாள் ஒப்பந்தம் கொடுத்து அவரை மறுபடி பேட் பிடிக்க வைத்தது. ஆர். ஏ. டிக்கி மூன்று பந்தில் ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கத் தக்க மூன்று பந்துகளைத் தவறவிட்டு அவுட் ஆவது) செய்தார். கட்டுரை எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்காமல் ‘ஆடவே இல்லை’ என்ற சொல்லை எடுத்தாளக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

இல்லாத வீரர்கள், நடக்காத நிகழ்வுகள்

பேஸ்பால் பதிவேட்டில் ஆவிகள் உண்டு. 1912 செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியில் ‘ப்ராக்டர்’ என்று ஒருவர் ஒரே ஒரு வாக் பெற்றதாகப் பல பத்தாண்டுகள் பதிவாகியிருந்தது. பிறகு ஆராய்ந்தபோது அந்த வாக் பீட் காம்ப்டன் என்ற வீரருடையது என்று தெரிந்தது. ஸ்கோரைத் தந்தியில் அனுப்பிய ஊழியர் தன் பெயரைச் செருகிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதையைப் பின்னுரையாகச் சொல்லலாம். கேள்வியாகக் கேட்க உகந்தது பெயர் நீக்கப்பட்ட செய்தி மட்டுமே. நீங்கள் வைத்திருப்பது 1970-களில் அச்சான கலைக்களஞ்சியம் என்றால் ப்ராக்டர் அதில் உயிரோடு இருப்பார், கவனம்.

1985 ஏப்ரல் 1 தேதியிட்ட ஓர் அமெரிக்க விளையாட்டு வார இதழில், மணிக்கு 168 மைல் வேகத்தில் பந்து வீசும் சிட் ஃபின்ச் என்ற மெட்ஸ் வீரரைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. ஏப்ரல் முட்டாள் தினத்துக்கான கற்பனை அது. இன்றும் சில பட்டியல்களில் அவர் பெயர் நிஜ வீரர்களோடு கலந்து வருகிறது. ஏப்ரல் 1 தேதி எங்கே தென்பட்டாலும் ஒரு முறை நிறுத்தி யோசியுங்கள்.

திரைப்படமும் தேதியை மாற்றும். ஆர்ச்சிபால்ட் ‘மூன்லைட்’ கிரஹாம் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக ஆடியது 1905 ஜூன் 29, புரூக்ளினுக்கு எதிராக. ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் வலது ஃபீல்டில் நின்றார். அடுத்து பேட் பிடிக்க அவர் காத்திருந்தபோது முன்னால் ஆடியவர் அவுட்டாகி இன்னிங்ஸ் முடிந்தது. பிறகு மினசோட்டாவின் சிஷோல்ம் ஊரில் மருத்துவராக வாழ்ந்து 1965-இல் இறந்தார். 1989-இல் வந்த ஹாலிவுட் படம் இந்த ஆட்டத்தை 1922-க்குத் தள்ளிவிட்டது. போட்டியாளர்களில் பலர் படத்தின் ஆண்டைத்தான் சொல்வார்கள். அதனால் ஆண்டை நீங்களே கேள்விக்குள் கொடுத்துவிட்டு, ஊரையோ அணியையோ கேளுங்கள்.

ஜாக்கி மிட்செல் விஷயத்தில் இன்னும் நிதானம் வேண்டும். 1931 ஏப்ரல் 2, சாட்டனூகா. 17 வயதுப் பெண் பிட்சர், நியூயார்க் யாங்கீஸோடு நடந்த கண்காட்சி ஆட்டத்தில், அடுத்தடுத்து பேப் ரூத்தையும் லூ கெரிக்கையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். ரூத் மூன்றாவது ஸ்ட்ரைக்குக்குப் பேட்டை வீசாமல் விட்டுவிட்டு, பேட்டைத் தூக்கி எறிந்தார். கெரிக் மூன்றையும் வீசித் தவறவிட்டார். அடுத்து வந்த டோனி லஸேரிக்கு வாக் கொடுத்ததும் மிட்செலை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆட்டம் ஏப்ரல் 1 அன்று நடக்க இருந்து மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது. அதனால் சில இடங்களில் தேதி தப்பாக இருக்கும். ‘இதைக் கண்டு கமிஷனர் லாண்டிஸ் அவருடைய ஒப்பந்தத்தை ரத்து செய்தார்’ என்பது எல்லாப் பட்டியலிலும் வரும் வரி. தேடிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அதைக் கேள்வியில் சேர்க்காதீர்கள். ரூத்தும் கெரிக்கும் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார்களா என்பதும் அப்படியே. யாரும் நிரூபிக்க முடியாததை மதிப்பெண்ணுக்குக் கேட்பது அந்தப் பெண்ணுக்கும் நியாயமில்லை, போட்டியாளருக்கும் நியாயமில்லை. தவிர, கண்காட்சி ஆட்டம் அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் சேராது. இதற்கு நாளிதழ்தான் சாட்சி.

வயதை வைத்துக் கேட்பதையும் தவிர்ப்பது நல்லது. மின்னி மின்யோசோவை 1976-இலும் 1980-இலும் சிகாகோ வைட் சாக்ஸ் சில ஆட்டங்களுக்கு மறுபடி களமிறக்கியது. அப்போது அவருக்கு என்ன வயது என்பதற்கு எந்தப் பிறந்த ஆண்டை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். ‘எத்தனை பத்தாண்டுகளில் ஆடினார்’ என்று கேட்டால் தொல்லை இல்லை. 1940-களிலிருந்து 1980-கள் வரை ஐந்து.

‘வரலாற்றிலேயே’ என்ற சொல்லுக்கும் இப்போது விலை கூடிவிட்டது. 1920 முதல் 1948 வரை கறுப்பின வீரர்கள் தனியே ஆடிய ஏழு நீக்ரோ லீக்குகளையும் மேஜர் லீகாக ஏற்பதாக 2020 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 மே மாதம் அந்தப் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ந்தன. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் இருந்த முதலிடத்துக்கு .372 என்ற கணக்கோடு ஜாஷ் கிப்சன் வந்தார். வெகு காலம் தாமதமாகக் கிடைத்த நியாயம் அது. பழைய கேள்வித்தாள்களில் ‘முதல்’, ‘அதிக’, ‘ஒரே’ என்று தொடங்கும் எதையும் இதற்குப் பிறகு மறுபடி பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது.

நம் ஊர் அரங்குகளில் வரும் ஒரு பிழை: 2008-இல் ஒரு தொலைக்காட்சிப் பந்து வீச்சுப் போட்டியில் கண்டெடுக்கப்பட்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் பெற்ற ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரையும் ‘மேஜர் லீகில் ஆடிய இந்தியர்கள்’ என்பது. இருவரும் ஆடியது மைனர் லீகில் மட்டும்.

விளம்பர வித்தையைக் கேள்வியாக்குவது

ஒவ்வொரு வித்தைக்கும் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் செய்தது, எதற்காக, எங்கே பிசகியது, பதிவேட்டில் என்ன மிஞ்சியது. நான்காவதுதான் வலுவான கேள்வியைத் தரும்.

1974 ஜூன் 4, கிளீவ்லாண்ட். 65 சென்ட் பீர் 10 சென்ட்டுக்கு. 12 அவுன்ஸ் கோப்பை, அதாவது சுமார் 355 மில்லி. ஒரு முறைக்கு ஆறு கோப்பை வரை வாங்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரலாம். பிசகியதற்குக் காரணம் பீர் மட்டும் இல்லை. ஆறு நாள் முன்பு டெக்சாஸில் கிளீவ்லாண்ட், டெக்சாஸ் அணிகள் மைதானத்தில் அடித்துக்கொண்டிருந்தன. 25,134 பேர் அந்தக் கோபத்தோடு வந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் 5-5 என்று சமனாக இருந்தபோது ரசிகர்கள் களத்தில் இறங்கி டெக்சாஸ் வீரர் ஜெஃப் பரோஸைச் சூழ்ந்தார்கள். நடுவர் ஆட்டத்தை டெக்சாஸுக்குக் கொடுத்தார்.

1979 ஜூலை 12, சிகாகோ. டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றோடு வந்தால் நுழைவுக் கட்டணம் 98 சென்ட். வானொலி நிலையத்தின் அலைவரிசை 97.9 என்பதால் அந்தத் தொகை. டபுள் ஹெடரின் இடைவேளையில் தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கூட்டம் உள்ளே பாய்ந்து தரையைப் பாழாக்கியது. வாசலில் தட்டுகளை முழுதாகச் சேகரிக்க முடியாமல் ஆயிரக்கணக்கானவை ரசிகர் கையிலேயே தங்கிவிட்டன, பிறகு அவை மைதானத்துக்குள் பறந்தன. இரண்டாவது ஆட்டம் டெட்ராய்ட்டுக்குப் போனது.

1995 ஆகஸ்ட் 10, லாஸ் ஏஞ்சல்ஸ். வருகிறவர்களுக்கெல்லாம் பரிசாகப் பந்து. கடுப்பான ரசிகர்கள் அதே பந்துகளை மைதானத்துக்குள் எறிந்தார்கள். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஆட்டம் செயின்ட் லூயிஸுக்குக் கொடுக்கப்பட்டது.

மூன்றுமே ‘ஃபோர்ஃபிட்’, அதாவது உள்ளூர் அணி தோற்றதாக அறிவிக்கப்பட்ட ஆட்டங்கள், விதிப்படி 9-0. ஆனால் தனிநபர் கணக்கு மூன்றிலும் வேறு வேறு. சிகாகோவில் இரண்டாவது ஆட்டம் தொடங்கவே இல்லை, ஆகவே யாருக்கும் எந்தக் கணக்கும் இல்லை. கிளீவ்லாண்டில் ஐந்து இன்னிங்ஸ் தாண்டிவிட்டதால் ஹிட், ரன் எல்லாம் சேரும். ஆனால் ஸ்கோர் சமனாக இருந்ததால் வென்ற பிட்சர், தோற்ற பிட்சர் என்று யாரும் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் செயின்ட் லூயிஸ் 2-1 என்று முன்னிலையில் இருந்தபடியால் இரண்டும் உண்டு. இந்த மூன்றையும் ஒரே கேள்வியில் வைத்து ‘எந்த ஆட்டத்தில் வென்ற பிட்சர் உண்டு, ஏன்?’ என்று கேளுங்கள். மனப்பாடம் செய்து வந்தவரும் யோசிக்க வேண்டி வரும்.

1912 மே 18-ஐ விட்டுவிடாதீர்கள். ரசிகர் ஒருவரை அடித்ததற்காக டை காப் இடைநீக்கம் செய்யப்பட்டார். டெட்ராய்ட் வீரர்கள் அவருக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். அணி இறங்காவிட்டால் ஆட்டத்துக்கு 5,000 டாலர் அபராதம். நிர்வாகம் பிலடெல்ஃபியாவிலேயே ஆள் பிடித்து இறக்கியது. ஆலன் ட்ராவர்ஸ் என்ற கல்லூரி மாணவர் 8 இன்னிங்ஸ் முழுதும் வீசி 26 ஹிட், 24 ரன் கொடுத்தார். ஸ்கோர் 24-2. பிறகு அவர் கத்தோலிக்கப் பாதிரியாரானார். அதே நாளில் எட் இர்வின் 3 அட் பேட்டில் இரண்டு டிரிபிள் (மூன்றாவது பேஸ் வரை போகும் ஹிட்) அடித்து, வாழ்நாள் சராசரி .667 என்று விடைபெற்றார். ஓர் அட்டையிலிருந்து மட்டும் ஐந்தாறு கேள்வி எடுக்கலாம்.

உயரத்திலிருந்து பந்து பிடிக்கும் வித்தைகளில் எண்ணை மிகைப்படுத்துவார்கள். கேபி ஸ்ட்ரீட் 1908-இல் வாஷிங்டன் நினைவுத் தூணிலிருந்து போட்ட பந்தைப் பிடித்தது பதின்மூன்றாவது முயற்சியில். தூணின் மொத்த உயரம் 555 அடி. பந்து விழுந்தது சன்னலிலிருந்து, சுமார் 500 அடி. காற்றின் எதிர்ப்பால் அந்தப் பந்து மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டரில் வந்திருக்கும். 800 அடியிலிருந்து போட்டாலும் அது 150-ஐச் சுற்றித்தான் நிற்கும். 1939-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் வான்கப்பலிலிருந்து போட்ட பந்தைப் பிடிக்கப் போய்த் தாடை உடைந்த ஜோ ஸ்பிரின்ஸின் விஷயத்தில் இதைச் சொல்ல வேண்டும். 1915-இல் டேடோனாவில் விமானி ரூத் லா போட்டது பந்து இல்லை, திராட்சைப்பழமும் இல்லை, பம்ப்ளிமாஸ் போன்ற கிரேப்ஃபுரூட். பிடிக்க நின்ற வில்பர்ட் ராபின்சன் தன் மேல் வழிந்த சாற்றை ரத்தம் என்று நினைத்தார். பழத்தை மாற்றியது யார் என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள்.

ஒரு கேள்வியைச் செதுக்குவது

கடெலையே எடுத்துக்கொள்வோம். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்: ‘பேஸ்பால் வரலாற்றிலேயே மிகக் குள்ளமான வீரர் யார்?’ இதில் இரண்டு குறை. பேஸ்பால் தெரிந்தவருக்கு இது மிக எளிது, தெரியாதவருக்கு வழியே இல்லை. அதைவிட முக்கியம், ஒரு மனிதரை உடம்பு அளவாகச் சுருக்குகிறது.

அட்டைக்குப் போய், என்ன நடந்தது என்று பாருங்கள். 1951 ஆகஸ்ட் 19, ஞாயிறு. பிரவுன்ஸ் அணி முதலாளி பில் வெக். அவருடைய பெயரை வீக் என்று வாசிக்காதீர்கள், வெக் என்பதே சரி. ஒப்பந்தத்தை வெள்ளிக்கிழமை மாலை அனுப்பினார். வார இறுதியில் லீக் அலுவலகத்தில் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள் என்பது கணக்கு. முதல் இன்னிங்ஸில் 3 அடி 7 அங்குல உயரம், 65 பவுண்டு எடை கொண்ட கடெல், முதுகில் 1/8 என்ற எண்ணோடு பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவர் எட் ஹர்லி ஆட்சேபித்ததும் மேலாளர் ஜாக் டெய்லர் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். டெட்ராய்ட் கேட்சர் பாப் ஸ்விஃப்ட் மண்டியிட்டுக் கையுறையைத் தாழ்த்திப் பிடித்தார். பிட்சர் பாப் கெயின் வீசிய நான்கு பந்தும் உயரமாகவே போயின. கடெல் முதல் பேஸுக்குப் போனார், ஜிம் டெல்சிங் அவருக்குப் பதிலாக ஓட வந்தார். மறுநாள் லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். பத்தாண்டு கழித்து, 36 வயதில் கடெல் இறந்தபோது, இறுதிச் சடங்குக்கு வந்த பேஸ்பால்காரர் அந்த பாப் கெயின்.

இப்போது கேள்வி: ‘1951-இல் நான்கு பந்துகளில் வாக் கொடுத்து, ஒரு நாள் வீரர் ஒருவரின் ஆன் பேஸ் சதவீதம் என்றென்றும் 1.000 ஆக நிற்கக் காரணமான டெட்ராய்ட் பிட்சர், பத்தாண்டு கழித்து அவருடைய இறுதிச் சடங்குக்கும் போனார். பிட்சர் யார்? பேட்டர் யார்?’ இரண்டு பாகம், இரண்டுக்கும் தனி மதிப்பெண். தெரிந்தவரும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வாசித்து முடித்தவுடன் அரங்கில் ஒரு நொடி அமைதி வரும், அது கேள்வி எழுதியவருக்குக் கிடைக்கும் கூலி.

இதே மரியாதை பீட் கிரேவுக்கும் உரியது. வலது கை இல்லாத அவர் 1945-இல் பிரவுன்ஸுக்காக 77 ஆட்டம் ஆடினார், சராசரி .218. ‘ஒற்றைக் கை வீரர் யார்’ என்று கேட்பதைவிட அவர் பந்தைப் பிடித்து எறிந்த முறையைக் கேளுங்கள். பஞ்சைக் குறைத்த கையுறையில் பந்தைப் பிடிப்பார், கையுறையை வலது அக்குளில் இடுக்குவார், பந்தை மார்பின் மேல் உருளவிட்டு இடது கையால் எடுத்து எறிவார். 234 அட் பேட்டில் 11 முறை மட்டுமே ஸ்ட்ரைக் அவுட் ஆனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யோசித்து விடைக்கு வரக்கூடிய கேள்வியும் ஓரிரண்டு வேண்டும். 1982 ஆகஸ்ட் 4 அன்று ஜோயல் யங்பிளட் சிகாகோவில் மெட்ஸுக்காக ஒரு ஹிட், அதே நாள் மான்ட்ரியால் எக்ஸ்போஸுக்கு மாற்றப்பட்டு ஃபிலடெல்ஃபியாவில் இன்னொரு ஹிட் அடித்தார். ஒரே நாளில் இது எப்படிச் சாத்தியமாயிற்று? சிகாகோவின் ரிக்லி மைதானத்தில் 1988 வரை மின்விளக்கு கிடையாது, ஆட்டம் பகலிலேயே முடிந்துவிடும். விடையைக் கேட்டதும் ‘அட’ என்று தோன்றும் இந்த வகை, பேஸ்பாலே பார்த்திராத அணியையும் ஆட்டத்துக்குள் இழுக்கும்.

மேடையில் வாசிப்பதற்கு ஒரு கேள்வி அறுபது சொல்லுக்குள் இருக்கட்டும். பெயர்களை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். விடைத்தாளில் உச்சரிப்பு வேறுபாடுகளை ஏற்பதாக முதலிலேயே அறிவித்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சீட்டு: தேதி, எதிரணி, டபுள் ஹெடர் என்றால் எத்தனையாவது ஆட்டம், விடை இருக்கும் அட்டை, நாளிதழ் சாட்சி, கடைசியாகச் சரிபார்த்த நாள். ஆட்சேபம் வந்தால் வாதாட வேண்டாம், சீட்டை நீட்டினால் போதும். ஒரு வருடத்துக்கு மேலான சீட்டை மறுபடி சரிபார்க்காமல் மேடைக்கு எடுத்துப்போக வேண்டாம்.

சமநிலை முறிக்க எண் கேள்வி ஒன்றை உறையில் தனியாக வையுங்கள், மிக அருகில் சொல்பவருக்கு வெற்றி. ஹெர்ப் வாஷிங்டனின் 105 ஆட்டம் நன்றாக வேலை செய்யும். 1951-இல் 102 ஆட்டம் தோற்ற பிரவுன்ஸின் மைதானத்துக்கு, கடெல் பேட் பிடித்த ஞாயிறு வந்த ரசிகர்கள் எத்தனை பேர் என்பதும் உதவும். விடை 18,369.